காந்த ஊசியும் சுழலும் பம்பரமும்

நிலத்தின்மேல் வழி தப்பியவன் எதிரே வருவோரை வினவித் தன் வழியைத் தெரிந்துகொள்வான். கடலின்மேல் செல்லும் மாலுமிக்கு வினவ ஆள் இல்லை. ஆயினும் பகலில் கதிரவனும், இரவில் விண்மீன்களும், கரையை அணுகுங்கால் கலங்கரை விளக்கமும் அவனுக்குத் துணை நிற்கின்றன. ஆனால், கடலின் அடியில் செல்பவனுக்கு இத்துணைகளுள் ஒன்றும் இல்லை. தெளிந்த நீரிலும் சில பத்து மீட்டருக்கு அப்பால் கண் செல்லாது. கலங்கிய துறைமுக நீரிலோ, நீட்டிய கையைக் காண்பதும் அரிது. வானொலி அலைகள் நீரினுள் சிறிது தொலைவு செல்வதற்குள் அழிந்துபோகின்றன. ஆகையால், செயற்கைக் கோள்களிலிருந்து வரும் அலைகளைக்கொண்டு இடமறியும் இக்காலக் கருவிகளும் நீருக்கடியில் வாய்மூடிவிடுகின்றன. அங்கே திசையறிவதற்குக் கலத்தினுள் இருக்கும் கருவி ஒன்றே கதி.

பெரிய நாடுகளின் கப்பற்படைகளே நீர்மூழ்கிக் கலங்களைக் கட்டும் என்று நாம் எண்ணுதல் இயல்பு. ஆனால், தம் வீட்டுப் பட்டறையில் தம் கைகளாலேயே சிறு நீர்மூழ்கிகளைக் கட்டி, ஏரிகளிலும் கடலோரங்களிலும் மூழ்கி எழுவோரும் உலகில் உளர். அமெரிக்கக் கப்பற்படையில் பணியாற்றிய ஜார்ஜ் கிட்ரெட்ஜ் என்பார் வடிவமைத்த கே-250 என்னும் கலம் இவ்வகையில் பெயர் பெற்றது. ஒருவர் மட்டுமே அமரத்தக்க அந்த எஃகுக் கலம் 250 அடி ஆழம்வரை செல்வதற்காக அமைக்கப்பட்டது. இத்தகைய கலத்தைக் கட்டுவோர் உடற்கூட்டை முடித்து, மின்கலங்களைப் பொருத்தி, சுக்கானை அமைத்தபின் ஒரு வினாவின்முன் வந்து நிற்கின்றனர். திசையறிவதற்குக் காந்த ஊசியைக் கொள்வதா? ஜைரோ என்னும் சுழலும் கருவியைக் கொள்வதா?

“திசை தவறினால் மேலே எழுந்து பார்த்துக்கொள்ளலாமே, இதில் இத்துணை ஆராய்ச்சி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். மேலே எழும் இடத்தில் விரைந்து செல்லும் படகின் சுழல்விசிறி இருக்கலாம். பாலத்தின் தூண்கள் இருக்கலாம். குளிர்நாடாயின் பனிக்கட்டிக் கூரையே இருக்கலாம். சிறு கலத்தில் உள்ள மூச்சுக்காற்றும் மின்னாற்றலும் அளவுக்கு உட்பட்டவை. வந்த வழியே மீள வேண்டியவன் திசை தவறினால், அவன் செலவிடுவது காலத்தை அன்று, தன் உயிர்க்காற்றை. எனவே, இவ்வினாவின் விடையை நன்கு எண்ணித் துணிதல் வேண்டும்.

ஆமைக் கலத்தின் கதை

இவ்வினா புதியதன்று. அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், 1775-ஆம் ஆண்டில், கனெக்டிகட் பகுதியைச் சேர்ந்த டேவிட் புஷ்னெல் என்னும் இளைஞர் ஒருவர் ஏறிச்செல்லும் நீர்மூழ்கிக் கலம் ஒன்றை மரத்தால் கட்டினார். இரண்டு ஆமையோடுகளைச் சேர்த்து நிறுத்தியதுபோல் அது தோன்றியமையால் ‘ஆமை’ என்றே பெயர் பெற்றது. உள்ளே அமர்ந்தவரே கையால் திருகைச் சுழற்றிக் கலத்தைச் செலுத்த வேண்டும். முழுவதும் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ அரைமணி நேரத்திற்கே போதும்.

அக்கலத்தில் திசைகாட்டி ஒன்றும், ஆழங்காட்டும் குழாய் ஒன்றும் இருந்தன. மூழ்கிய கலத்தினுள் இருள் சூழுமே. அவற்றை எவ்வாறு பார்ப்பது? விளக்கு ஏற்றினால் அது மூச்சுக்காற்றை உண்டுவிடும். ஆகவே, மக்கிய மரத்தில் படர்ந்து இருளில் தானே ஒளிரும் ஒருவகைக் காளானை எடுத்து, அக்கருவிகளின்மேல் அடையாளமாகப் பொருத்தினார்கள். குளிர் மிகுந்தபோது அக்காளானின் ஒளி மங்கியது. காற்றைச் செலவிடாமல் ஒளிதரும் வேறு பொருள் உண்டோ என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டறியுமாறு புஷ்னெலுக்கு வேண்டியவர் ஒருவர் கடிதம் எழுதினார். கருவி இருந்தால் மட்டும் போதாது, வேண்டும்பொழுது அதனைப் படிக்கவும் இயலவேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

1776-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, எஸ்ரா லீ என்னும் படைவீரர் அவ்வாமைக் கலத்தில் ஏறி, நியூயார்க்குத் துறைமுகத்தில் நின்ற ‘ஈகிள்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை நோக்கிச் சென்றார். நீரோட்டம் அவரை இலக்குக்கு அப்பால் இழுத்துச் சென்றது. நெடுநேரம் போராடி மீண்டு வந்து, கப்பலின் அடியில் வெடிப்பெட்டியைப் பொருத்த முயன்றார், முயற்சி கைகூடவில்லை. விடியல் நெருங்கியது. கரைக்குத் திரும்பும் வழியில் திசைகாட்டி தமக்குப் பயன்படாமற் போயிற்று என்று பிற்காலத்தில் தாம் எழுதிய கடிதத்தில் அவர் குறித்துள்ளார். அதனால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீரின்மேல் தலையை உயர்த்தித் திசையைப் பார்க்க வேண்டியதாயிற்று. கவர்னர்ஸ் தீவில் இருந்த பகைவர் அவரைக் கண்டுவிட்டனர், படகேறித் துரத்தினர். லீ வெடிப்பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு அரிதின் உயிர் தப்பினார். மறைந்து செல்லவேண்டிய கலம், திசைகாட்டி கைவிட்டமையால் வெளிப்பட நேர்ந்தது.

காந்த ஊசியின் அருமையும் குறையும்

காந்த ஊசியைப் போல எளிய கருவி வேறொன்று இல்லை. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. தேய்ந்துபோகும் உறுப்புகளும் மிகச் சிலவே. பூமியே ஒரு பெருங்காந்தமாய் நின்று அவ்வூசியைத் திருப்புகிறது. மின்கலம் தீர்ந்து விளக்கணைந்து எல்லாக் கருவிகளும் ஓய்ந்த பின்னரும் தன் கடமையைச் செய்வது காந்த ஊசியே. அது காட்டும் வடக்கு மெய்வடக்கிலிருந்து இடத்திற்கு இடம் சற்றே வேறுபடும். ஆயினும், அவ்வேறுபாடு கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கூட்டியோ கழித்தோ அறிந்துகொள்ளலாம்.

பூமியின் இழுப்பு மிக மெல்லியது என்பதே இவ்வூசியின் குறை. அருகில் இரும்பு இருந்தால் ஊசி அதற்கும் இணங்கிவிடும். 1801-ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியக் கரைகளை ஆராய்ந்த மாத்யூ பிளிண்டர்ஸ் என்னும் மாலுமி, தம் கப்பலின் முகம் திரும்பத் திரும்ப ஊசியின் பிழையும் மாறுவதைக் கவனித்து, கப்பலிலுள்ள இரும்பே அதற்குக் காரணம் என்று கண்டார். இரும்புக் கப்பல்கள் பெருகியபோது இத்தொல்லை பன்மடங்காயிற்று. 1838-இல் ஜார்ஜ் ஏரி என்னும் வானநூலறிஞர் ‘ரெயின்போ’ என்னும் இரும்புக் கப்பலில் ஆய்வு நடத்தி, சிறு காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் ஊசியின் அருகே முறையாக வைத்து அப்பிழையைச் சரிக்கட்டும் வழியைக் காட்டினார். பின்னர் வில்லியம் தாம்சன் என்னும் கெல்வின் பிரபு திசைகாட்டியையே திருத்தி அமைத்து, அதன் இருபுறமும் இரும்புக் குண்டுகளை நிறுத்தினார். பிளிண்டர்ஸின் பெயரைத் தாங்கிய இரும்புத் தண்டு இன்றும் கப்பல் திசைகாட்டிகளின் அருகே நிற்கிறது.

இரும்புக் கலம் தானே ஒரு காந்தமாகிறது என்பது வியப்புக்குரிய உண்மை. அது கட்டப்பட்ட காலத்தில் எத்திசையை நோக்கிக் கிடந்ததோ, அத்திசைக்கேற்பப் பூமியின் காந்தம் அதனுள் பதிகிறது. சுத்தியலின் ஒவ்வோர் அடியும் அப்பதிவை ஆழமாக்குகிறது. பட்டறையில் மாதக்கணக்காக ஒரே திசையில் கிடந்து உருவான சிறு நீர்மூழ்கியும் இவ்விதிக்கு விலக்கன்று.

கப்பலின் மேல்தளத்தில் ஊசி வெட்டவெளியில் நிற்கிறது. நீர்மூழ்கியிலோ அதனை எஃகுக் கூட்டின் உள்ளேயே வைக்க நேர்கிறது. நாற்புறமும் மூடிய எஃகுக்கூடு பூமியின் காந்த இழுப்பைப் பெரும்பாலும் தன் சுவர்களின் வழியே திருப்பிவிடும். உள்ளே எஞ்சுவது மெலிந்த இழுப்பும், கூட்டின் சொந்தக் காந்தமுமே. அங்கே ஊசி காட்டுவது வடக்கை அன்று; தன்னைச் சூழ்ந்த எஃகின் விருப்பத்தை.

இதனோடு மின்சாரத்தின் தொல்லையும் சேர்கிறது. ஐம்பது ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் தனிக்கம்பி ஒன்று, அரை மீட்டர் தொலைவில், பூமியின் கிடைமட்டக் காந்த இழுப்போடு ஒப்பிடத்தக்க அளவு இழுப்பை உண்டாக்க வல்லது. செலுத்துபவர் மோட்டாரை முடுக்கியதும் ஊசி ஒரு பக்கம் ஓடும், நிறுத்தியதும் திரும்பும். இரும்பின் பிழையாவது நிலையானது, அளந்து திருத்தலாம். மின்னோட்டத்தின் பிழையோ நொடிக்கு நொடி மாறுவது. மின்சாரம் போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைத்தால், ஒன்றன் இழுப்பை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். சிறு கலங் கட்டுவோர் மறவாது செய்யவேண்டிய செயல் இது.

சுழலும் பம்பரத்தின் பிறப்பு

காந்தத்தை நம்பாமல் திசையறிய வழி இல்லையா? உண்டு என்பதைச் சிறுவர்கள் ஆடும் பம்பரமே காட்டுகிறது. சுழலாத பம்பரம் கீழே விழுகிறது. விரைந்து சுழலும் பம்பரமோ தன் அச்சை எளிதில் சாயவிடாமல் நிமிர்ந்து நிற்கிறது. கனமான சக்கரம் ஒன்றை ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களில் தொங்கவிட்டு, மிக விரைவாகச் சுழலச் செய்தால், வளையங்களை எப்படித் திருப்பினும் சக்கரத்தின் அச்சு தான் நோக்கிய திசையையே நோக்கி நிற்கும். பிரெஞ்சு அறிஞர் லெயோன் பூக்கோ 1852-இல் இத்தகைய கருவியைக்கொண்டு பூமி சுழல்வதை மெய்ப்பித்தார். அதற்கு ஜைரோஸ்கோப்பு என்று பெயரிட்டவரும் அவரே.

இக்கருவியைத் திசைகாட்டியாக்கிய வரலாறு நீர்மூழ்கியோடு பிணைந்தது. ஜெர்மானியரான ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கெம்ஃபே, மாலுமியும் அல்லர். பொறியியல் வல்லுநரும் அல்லர். கலை வரலாறு கற்றவர். வடமுனையைச் சூழ்ந்துள்ள பனிக்கட்டிகளின்மேல் நடந்து துன்புறுவதைவிட, அவற்றின் அடியில் நீர்மூழ்கியில் சென்று முனையை அடையலாம் என்று அவர் எண்ணினார். ஆனால், எஃகுக் கலத்தினுள் காந்த ஊசி பயன்படாதே. வடமுனைப் பகுதியிலோ அதன் ஆற்றல் மேலும் குன்றிவிடுமே. எனவே, காந்தத்தின் துணை வேண்டாத திசைகாட்டி ஒன்றைத் தாமே படைக்கத் துணிந்தார். 1904-இல் காப்புரிமை பெற்றார். 1905-இல் கீல் நகரில் தொழிலகம் தொடங்கினார்.

அவருடைய முதற்கருவி, வைத்த திசையை மறவாமல் நிற்கும் எளிய சுழற்சக்கரமாக இருந்தது. அதில் ஒரு பெருங்குறை தோன்றியது. சக்கரத்தின் அச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கி நிற்கிறது. ஆனால், அதன் கீழே பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஆகவே, பூமியின்மேல் நிற்பவர்க்கு அச்சு மெல்ல விலகிச் செல்வதாகத் தோன்றும். இவ்விலக்கம் நடுக்கோட்டில் இல்லை. முனையில் மணிக்கு 15 பாகை. கீல் நகரம் இருக்கும் அகலாங்கில் மணிக்கு ஏறத்தாழ 12 பாகை. நேரம் செல்லச் செல்ல இது கூடிக்கொண்டே போகும்.

அன்ஷூட்ஸ் மனந்தளரவில்லை. சக்கரத்தின் அச்சு கிடைமட்டத்திலிருந்து சாய்ந்தால் புவியீர்ப்பு அதனைப் பழைய நிலைக்கு இழுக்குமாறு எடையை அமைத்தார். சுழலும் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளினால், அது அப்பக்கம் சாயாது செங்குத்தான மற்றொரு பக்கம் திரும்பும் இயல்புடையது. ஆகவே, பூமியின் சுழற்சி அச்சைச் சாய்க்க, புவியீர்ப்பு இழுக்க, சக்கரம் தானே மெல்ல மெல்லத் திரும்பி மெய்வடக்கை நோக்கி நிலைகொண்டது. குறையாய் இருந்த பூமியின் சுழற்சியே வடக்கைக் காட்டும் துணையாயிற்று. 1908-இல் ஜெர்மானியப் போர்க்கப்பலான ‘டாய்ச்லாந்து’ இக்கருவியை ஏற்றிச் சென்று சோதித்தது. அமெரிக்கரான எல்மர் ஸ்பெரி 1911-இல் ‘டெலவேர்’ என்னும் போர்க்கப்பலில் தம் கருவியைச் சோதித்தார். இருவர்க்கும் இடையே உரிமை வழக்கு எழுந்தபோது, நீதிமன்றத்தின் வேண்டுகோளின்படி தொழில்நுட்பக் கருத்துரை வழங்கியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஆவார். பின்னர், 1920-களில், அவர் அன்ஷூட்ஸுடன் சேர்ந்து கருவியைத் திருத்தவும் உதவினார்.

கப்பல் திரும்பும்போதும் விரைவு மாறும்போதும் இக்கருவி நிலைகுலைந்தது. அன்ஷூட்ஸின் உறவினரான மாக்ஸ் ஷூலர் என்னும் அறிஞர் இதற்கு மாற்றுக் கண்டார். கருவி ஒருமுறை ஊசலாடி முடிக்க ஏறத்தாழ 84 நிமிடம் ஆகுமாறு அமைத்தால், கப்பலின் அசைவுகள் அதனைக் கலக்கா என்பது அவர் கண்ட உண்மை. பூமியின் ஆரத்தைத் தன் நீளமாகக் கொண்ட ஊசல் ஒன்று இருக்குமாயின், அது ஆடும் காலமும் அதுவே. இத்துணை மெல்ல ஆடும் கருவி நிலைகொள்வதற்குச் சில மணிநேரம் பிடிப்பதில் வியப்பில்லை.

முனையில் நேர்ந்த சோதனை

ஜைரோ திசைகாட்டிக்கும் குறை உண்டு. பூமியின் சுழற்சியால் வடக்கை அறியும் அக்கருவி, பூமியின் அச்சே வெளிப்படும் முனையில் வடக்கை அறிய இயலாது. வடமுனைக்குச் செல்வதற்காகப் பிறந்த கருவி, அம்முனையில் மட்டும் ஊமையாய் நின்றது! அன்ஷூட்ஸ் 1931-இல் மறைந்தார். அவர் எண்ணிய பயணம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

அமெரிக்காவின் அணுவாற்றல் நீர்மூழ்கியான ‘நாட்டிலஸ்’ 1957-இல் பனிக்கட்டியின் அடியில் வடக்கே சென்றது. அகலாங்கு 87 பாகையளவில் மின்னிணைப்புக் கோளாற்றால் அதன் ஜைரோ திசைகாட்டிகள் செயலிழந்தன. தலைக்குமேல் பனிக்கூரை, காந்த ஊசியோ நம்பத்தகாத நிலையில் இருந்தது. தலைவர் வில்லியம் ஆண்டர்சன் முன்செல்லும் எண்ணத்தைக் கைவிட்டுக் கலத்தைத் தெற்கே திருப்பினார். அடுத்த ஆண்டு, கலத்தின் ஒவ்வோர் அசைவையும் ஜைரோக்களாலும் விரைவு மாற்றம் அளக்கும் கருவிகளாலும் கணித்துக்கொண்டே செல்லும் புதிய அமைப்பையும் அக்கலம் தாங்கியது. 1958 ஆகஸ்டு 3-ஆம் நாள் அது நீருக்கடியிலேயே வடமுனையைக் கடந்தது. ஒரு கருவி கைவிட்ட இடத்தில் வேறுவகைக் கருவியொன்று துணை நிற்கவேண்டும் என்பதே அவ்விரு பயணங்களும் புகட்டும் பாடம்.

சிறு கலத்திற்கு ஏற்றது எது?

இனி நம் வினாவிற்கு வருவோம். தன் கையால் கலங் கட்டுபவர் எதனைத் தேர்ந்துகொள்ளலாம்? பெரிய கப்பல்களில் உள்ள ஜைரோ திசைகாட்டி மெய்வடக்கைக் காட்டும், இரும்புக்கு அஞ்சாது. ஆயினும், அது விலை மிக்கது, இடத்தை அடைப்பது, இடையறாத மின்சாரத்தை வேண்டுவது, நிலைகொள்ளச் சில மணிநேரம் கொள்வது. காலையில் இறங்கி நண்பகலில் கரையேறும் சிறு கலத்திற்கு இது பொருந்தாது. சிற்றோடையைக் கடக்கப் பாய்மரக் கப்பலைக் கட்டுவது அறிவுடைமை ஆகாதன்றோ?

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. வானூர்திகளில் பயன்படும் திசை ஜைரோ சிறியது, எடை குறைந்தது. 1929-இல் அமெரிக்க விமானி ஜேம்ஸ் டூலிட்டில், வெளியே ஒன்றையும் பாராமல் கருவிகளை மட்டும் நோக்கி விமானத்தை உயர்த்திச் செலுத்தி இறக்கியபோது, அவருக்குத் துணைநின்ற கருவிகளுள் இதுவும் ஒன்று. ஆனால், இது வடக்கைத் தானே தேடாது. நாம் வைத்த திசையை நினைவில் கொண்டு நிற்கும், அவ்வளவே. அன்ஷூட்ஸின் முதற்கருவி போலவே இதுவும் மெல்ல மெல்ல விலகும். விமானிகள் ஏறத்தாழக் கால்மணிக்கு ஒருமுறை இதனைக் காந்த ஊசியோடு ஒப்பிட்டுத் திருத்துவர். இன்று கைப்பேசிகளில் உள்ள நுண்ணிய சில்லு வடிவ ஜைரோக்கள் மிக மலிவாய்க் கிடைக்கின்றன. ஆயினும், மலிவானவை சில நிமிடங்களிலேயே விலகத் தொடங்கிவிடும்.

ஆகவே, சிறு கலத்திற்கு அடிப்படைத் துணையாவது காந்தத் திசைகாட்டியே. ஆனால், அதனை வைக்கும் இடத்தில்தான் சூழ்ச்சித்திறன் வேண்டும். எஃகுக் கூட்டின் உள்ளே வைத்தல் கூடாது. வெளியே, கூட்டிற்கு எட்டிய தொலைவில், காந்தத் தன்மையற்ற தண்டின்மேல் வைத்தல் வேண்டும். சிறிய காந்தத்தின் இழுப்பு, தொலைவு இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே, ஒரு முழம் அப்பால் நகர்த்துவதும் பெரும்பயன் தரும். 250 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் நீர் ஏறத்தாழ 8 கிலோகிராம் அழுத்தத்தைத் தரும். எண்ணெய் நிறைத்து, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஒன்றாகுமாறு அமைத்த திசைகாட்டி அதனைத் தாங்கும். செலுத்துபவர் கண்ணாடிச் சாளரத்தின் வழியே அதனைப் பார்க்கலாம். பார்க்க இயலாத அமைப்பாயின், காந்தப் புலத்தை மின்குறிப்பாக மாற்றும் பிளக்ஸ்கேட் என்னும் உணர்கருவியை வெளியே வைத்து, கம்பிவழியே செய்தியை உள்ளே கொணரலாம்.

இவ்வாறு அமைத்த காந்தத் திசைகாட்டியோடு ஒரு திசை ஜைரோவையும் சேர்த்துக்கொண்டால், ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யும். கலம் திரும்பும்பொழுது காந்த ஊசி தள்ளாடும், ஜைரோ தள்ளாடாது. நேரம் செல்லச் செல்ல ஜைரோ விலகும், ஊசி விலகாது. மோட்டாரை நிறுத்தி, கலத்தை அசைவின்றி நிறுத்தி, ஊசி அமைதியுற்றபின் ஜைரோவை அதனோடு ஒப்பிட்டுத் திருத்தி, மீண்டும் செலுத்துதல் நன்று. இரு கருவிகளும் ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டினால், அம்முரணே ஓர் எச்சரிக்கையாகும். ஒரே ஒரு கருவி மட்டும் இருப்பின், அது பொய் சொல்வதை யார் நமக்கு உரைப்பார்?

சோதித்தலே காவல்

எக்கருவியாயினும் சோதிக்காமல் நம்புதல் தகாது. கலத்தை முதலில் நீரின்மேல் நிறுத்தி, கரையிலுள்ள தெரிந்த அடையாளங்களை நோக்கி எட்டுத் திசைகளிலும் மெல்லத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் ஊசி எத்துணைப் பாகை தவறுகிறது என்று அட்டையில் குறித்துக்கொள்ளல் வேண்டும். மோட்டார் ஓடாதபோது ஒருமுறையும், ஓடும்போது ஒருமுறையும் இதனைச் செய்தல் வேண்டும். கலத்தில் புதிய இரும்புப் பொருளை ஏற்றினாலும், மின்கலத்தை இடம் மாற்றினாலும், பழைய அட்டை பயனற்றதாகும். மீண்டும் அளத்தல் வேண்டும்.

ஐந்து பாகைப் பிழை மிகச் சிறியதென்று தோன்றலாம். ஒரு கிலோமீட்டர் சென்றபின் அப்பிழை நம்மை 87 மீட்டர் விலக்கிவிடும். 20 பாகையாயின் ஏறத்தாழ 340 மீட்டர். ஒளியூடுருவாத நீரில் 87 மீட்டர் என்பது காணமுடியாத தொலைவு. மேலும், திசைகாட்டி கலத்தின் முகம் நோக்கும் திசையைச் சொல்லுமேயன்றி, நீரோட்டம் கலத்தை எங்கே தள்ளுகிறது என்பதைச் சொல்லாது. எஸ்ரா லீயை இலக்கிற்கு அப்பால் இழுத்துச் சென்றது அந்நீரோட்டமன்றோ? எனவே, ஓட்டத்தின் விரைவையும் ஏற்றவற்றத்தின் காலத்தையும் புறப்படுமுன் அறிந்துகொள்ளல் கடன்.

விலை மிக்கதே சிறந்தது என்பதும், எளியது இகழத்தக்கது என்பதும் அறியாமை. காந்த ஊசி திறந்த வெளியில் நேர்மையாளனாகவும், எஃகுக் கூட்டினுள் பொய்யனாகவும் விளங்குகிறது. ஜைரோ கடல்களிலெல்லாம் வடக்கைக் காட்டி முனையில் ஊமையாகிறது. குற்றம் கருவியிடத்தில் இல்லை. அதன் எல்லையை அறியாமல் நம்புவோரிடத்திலேயே உள்ளது. காளானின் ஒளியில் ஊசியைப் பார்க்க முயன்ற புஷ்னெலும், கலை கற்று ஜைரோவைப் படைத்த அன்ஷூட்ஸும், முனையை நெருங்கியும் கலத்தைத் திருப்பிய ஆண்டர்சனும் நமக்கு உணர்த்துவது இதுவே. தன் கருவி எங்கே மெய் சொல்லும், எங்கே பொய் சொல்லும் என்று அறிந்தவனே இருண்ட நீரில் இறங்கத் தகுதியுடையவன். கரைக்கு மீண்டு வருபவனும் அவனே.